கொம்பு முகமூடியும் யூதாஸ் வீடும்

எங்கள் வீட்டை ஊரில் யூதாஸ் வீடு என்றுதான் சொல்வார்கள். அதில் எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இருந்ததில்லை. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். எந்த வேடம் எந்த வீட்டுக்கு என்பது எப்போதோ தீர்ந்துபோன விஷயம். ஒரு வீட்டுக்கு இயேசு, ஒரு வீட்டுக்குப் பேதுரு, ஒரு வீட்டுக்குப் பிலாத்து. எங்கள் பூட்டனார் அன்றைக்குக் கூட்டத்துக்குப் பிந்திப் போயிருக்கவேண்டும், அவர் தலையில் யூதாஸ் வந்து விழுந்தது. அவருக்குப் பிறகு அப்பப்பா, அப்பப்பாவுக்குப் பிறகு அப்பா. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த தையல் மெஷினை விட்டால் நம் வீட்டில் பெறுமதியான சாமான் இதுதான் என்று அப்பா சொல்வார். அம்மா அதற்கு, "மெஷின் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை" என்பா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டையால் கரையை விட்டு வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் வந்து குடிசை போட்டோம். வள்ளத்தை விட்டு வந்தோம், வலைகளை விட்டு வந்தோம். வேடங்களை மட்டும் ஒருவரும் விட்டு வரவில்லை. கிடுகால் வேய்ந்து ஒரு கோயில் எழும்பியதும், முதல் தவக்காலத்திலேயே பழைய வீட்டுக்காரர் பழைய வேடங்களோடு வந்து நின்றார்கள். கடலில் தொழில் செய்த அப்பா இப்போது குளத்தில் வலை வீசி, பிடித்த மீனைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். செம்மண் புழுதி அவருக்கு ஒத்துவரவில்லை. தொய்வு தொடங்கியது. காற்று மாறினால் போதும், மூச்சு இழுக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று பெட்டைகள், பெடியன் இல்லை. நான் மூத்தவள். அப்போது எனக்குப் பதினேழு வயது. வாய் கொஞ்சம் கூட.

அந்த வருடம் ஜேர்மனியில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கச்சி, அங்கிருந்து வந்த யாரோ ஒருவரிடம் ஒரு வீடியோ கசெற் கொடுத்துவிட்டா. அவவுடைய மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய சடங்கு. பார்ப்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? மின்சாரம் என்ற ஒன்று அந்தப் பக்கம் இல்லை. வீடியோ டெக்கும் ரிவியும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரைப் பிடித்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்கள் குடிசையில் வைத்தோம். வெளிச்சம் வராமலிருக்க வாசலுக்குச் சாக்குக் கட்டினோம். உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்போம். வெக்கையில் அவிந்துகொண்டே மாமியின் மகன் கோட் போட்டு நடப்பதைப் பார்த்தோம். மாமி கமராவைப் பார்த்துக் கை காட்டினா. அப்பா ரிவியைப் பார்த்துத் திரும்பக் கை காட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, புழுதி விழுந்துவிட்டது என்றார்.

சடங்கு முடிந்தது. திரையில் புள்ளி புள்ளியாய் மழை பெய்தது. டெக்காரர் எழும்பப் போனார். அந்த நேரம்தான் அது வந்தது. பனி மூடிய ஒரு மலை ஊர், கையால் கீறின படம். மாமி ஏற்கெனவே ரிவியிலிருந்து ஏதோ பதிந்து வைத்திருந்த கசெற்றில்தான் சடங்கை எடுத்திருக்கிறா. பழையதின் மிச்சம் அடியில் அப்படியே கிடந்தது.

"நிப்பாட்டுங்கோ, எண்ணெய் வீண்" என்றா அம்மா.

"ஊத்தின எண்ணெயைத் திரும்ப எடுக்கேலாது அக்கா. ஓடட்டும்" என்றார் டெக்காரர்.

ஓடியது. அது யப்பான்காரரின் கார்ட்டூன் என்று பிறகு மாமி எழுதியிருந்தா. பேச்சு ஜேர்மன் மொழியில் போனது. தொடக்கமும் இல்லை. நாற்பது பேரில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கதை எல்லோருக்கும் விளங்கியது, ஏனென்றால் அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் கொம்பு வைத்த சிவப்பு முகமூடி தொங்குகிறது. பக்கத்தில் வரிசையாகப் படங்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர், அவருக்கு முந்தியவர், அதற்கும் முந்தியவர். திருவிழா வருகிறது. மீசைக்காரர் முகமூடியைப் போட்டுக்கொண்டு தெருவில் உறுமிக்கொண்டு ஓடுகிறார். ஊரே திரண்டு அவருக்கு அவரைக்கொட்டை மாதிரி எதையோ அள்ளி எறிந்து துரத்துகிறது. மலைக்கு மேலே போய்த் தனியாக நின்று முகமூடியைக் கழற்றுகிறார். தலைமயிரில் சிக்கிய கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

அப்பா தொடையில் அடித்தார். "அட, இவன் எங்கட ஆள். ஊருக்குப் பேய் வேணும். ஆரோ ஒரு வீட்டுக்காரன் பேயா நிக்கத்தானே வேணும்."

பேதுரு வீட்டுக்காரரும் பிலாத்து வீட்டுக்காரரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். இயேசு வீட்டுக்காரர்தான் கொஞ்சம் நெளிந்தார்.

பிறகு மீசைக்காரருக்கு வருத்தம் வந்தது. அவர் இருமியபோது அப்பாவும் சேர்ந்து இருமினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து இருந்து, தலையைத் தலையை ஆட்டி, ஏதோ கதைத்தார்கள். ஒருவர் சுவரில் தொங்கிய முகமூடியின்மேல் கை வைத்தார். கதவு நிலையில் மயிர் கட்டையாக வெட்டிய ஒரு பெட்டை நின்று பார்த்தாள், அவருடைய மகள். விடிய முந்தி அவள் எழும்பி முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படலையடிக்கு வந்தாள். வெளியே சனம். அவள் படலையில் கை வைத்தாள்.

கசெற் முடிந்துவிட்டது.

குடிசைக்குள் எழும்பிய சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. எண்ணெய் வீண் என்று சொன்ன அம்மாதான் எல்லோரையும்விட ஆத்திரப்பட்டா. "திறக்காமலே போட்டுதே? உந்த மச்சாளுக்குக் கொஞ்சம் நீளமான கசெற் வாங்கக் காசில்லையோ?"

ஒரு கிழமையாக ஊரில் அதுதான் கதை. அப்பாவின் முடிவில் பெட்டை படலையைத் திறந்துகொண்டு உறுமிக்கொண்டு ஓடினாள். அம்மாவின் முடிவில் மீசைக்காரர் பின்னாலிருந்து வந்து முகமூடியைக் கழற்றி, "நீ போய்ப் படி பிள்ளை" என்றார். எனக்கு முடிவைப் பற்றிக் கவலை இல்லை. அந்த முகமூடிக்குள் அவளுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் யோசனையாக இருந்தது. பயந்தாளா, சந்தோசப்பட்டாளா?

இப்போது அவற்றை அனிமே என்கிறார்கள். என் பிள்ளைகளோடு இருந்து நானும் நிறையப் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் இதே கதைதான். தகப்பனின் வாள், தாயின் மந்திரம், செத்துப்போன தமையனின் சபதம், யாரோ ஒரு பிள்ளையின் தோளில் வந்து ஏறும். பிள்ளை முதலில் மாட்டேன் என்று ஓடும், பிறகு திரும்பி வரும். என் பிள்ளைகள் வாள்வீச்சுக்காகப் பார்க்கிறார்கள். நான் அந்தத் திரும்பி வரும் இடத்துக்காகப் பார்க்கிறேன். அங்கே நன்றாக எழுதுகிறவன் ஒரு கேள்வி கேட்பான். இது உன் தகப்பனுக்காகவா, உனக்காகவா? பிள்ளை உடனே பதில் சொன்னால் அது மட்டமான படம் என்று சனலை மாற்றிவிடுவேன். எனக்குப் பதில் தெரிய ஒரு தவக்காலம் முழுவதும் எடுத்தது.

அந்தத் தவக்காலம் தொடங்கியபோது அப்பாவால் கிணற்றடிவரை நடக்க முடியவில்லை. ஒரு பின்னேரம் கோயில் மூப்பர், அதாவது கோயில் காரியங்களுக்குப் பொறுப்பானவர், இன்னும் இரண்டு பேரோடு வந்து இருந்தார். தேத்தண்ணி குடித்தார்கள். தலையைத் தலையை ஆட்டினார்கள். யூதாசை இந்த ஒரு வருடத்துக்குப் பேதுரு வீட்டு இரண்டாவது பெடியன் செய்யட்டும் என்றார் மூப்பர். அப்பா, "ஓம், ஓம், அதுதான் சரி" என்றார்.

சரியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிலாத்து அப்படித்தான் கைமாறியது. முந்திப் பிலாத்தாக நின்றவருக்கு ஒரு வருடம் கொப்புளிப்பான் அம்மை போட்டது. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கொடுத்த வேடம் திரும்பி வரவேயில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கடைசி வரிசையில் நின்று, பிலாத்துவின் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா அவரைப் பார்த்து எத்தனையோ தரம் பாவம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவருடைய கண் கூரையைப் பார்த்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்கு அழுகை வந்தால் வாயால்தான் வரும்.

"நான் செய்யிறன்" என்றேன். கையில் தேத்தண்ணித் தட்டம் இருந்தது.

மூப்பர் சிரித்தார். "என்ன பிள்ளை செய்யப் போறாய்?"

"யூதாஸ். இந்த ஒரு வருஷந்தான். அப்பாவுக்குச் சுகம் வருமட்டும்."

அப்பா கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். "அவளுக்கு வசனம் முழுக்கப் பாடம். நான் குளக்கட்டில சொல்லிப் பழகேக்க வசனக் கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அவள்தானே."

"கலியாணம் பேசி வாறவைக்கு என்னெண்டு சொல்லுறது? யூதாசாய் நிண்ட பெட்டை எண்டோ?" என்றா அம்மா.

"நீங்கள் யூதாசைத்தானே கட்டினனீங்கள்" என்றேன். தட்டத்தை வாங்கி என் தலையில் ஒன்று போட்டா.

விஷயம் பங்குச் சுவாமியிடம் போனது. அவர் களைத்துப்போன மனிதர். "யூதாசாய் நிக்க ஒரு ஆள் தானா வந்து கேட்டால் விடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார். நாற்று நடுவது, மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளுவது, கிணறு வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் பெண்கள் இறங்கிய காலம் அது. யூதாஸ் மட்டும் என்ன?

இரண்டு கிழமை ஒழுங்காகப் போயின. பின்னேரம் பின்னேரம் அப்பா கதிரையில் இருந்து சொல்லித்தருவார். நான் முற்றத்தில் நடந்து காட்டுவேன். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மாச் சாக்கில் தைத்துக் காவி போட்ட அந்தப் பழைய அங்கியை என் உயரத்துக்கு மடித்துத் தைத்தா. இவ்வளவு பேர் இவ்வளவு நாள் யோசித்தோம். ஒரு விஷயம் மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

முதல் முழு ஒத்திகையில் ஏறியது. கெத்செமனித் தோட்டம். நான் விளக்கோடு வந்தேன். "போதகரே, வாழ்க" என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போனேன். இயேசு மூன்று அடி பின்னால் போனார். நான் இன்னும் ஒரு அடி வைத்தேன். அவர் பாலை மரத்தில் போய் முட்டினார்.

யூதாஸ் முத்தமிட்டல்லவா காட்டிக்கொடுக்கவேண்டும்.

இயேசு வீட்டுப் பெடியனுக்கு இருபத்துமூன்று வயது. சைக்கிள் திருத்துகிறவர், கூச்சக்காரர். அவருக்குக் காது சிவந்துவிட்டது. கூட்டம் சிரித்துக் குலுங்கியது. அவருடைய அம்மா எழும்பி நின்றா. "என்ர பிள்ளைக்கு இன்னும் கலியாணம் பேசேல்லை."

"என்ர பிள்ளைக்கு மட்டும் பேசி முடிச்சாச்சோ?" என்று அம்மாவும் எழும்பினா. அதுவரை முகம் கொடுத்துக் கதைக்காத இருவரும் அன்றைக்கு ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

கையைக் குலுக்கட்டும் என்றார் ஒருவர். காதுக்குள் ஏதாவது சொல்லட்டும் என்றார் இன்னொருவர். காதுக்குள்ளா, அது இன்னும் மோசம் என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வரலாம் என்றும் ஒரு யோசனை. அப்பா அதற்கும் சம்மதித்தார். நான் சம்மதிக்கவில்லை. "முத்தமில்லாட்டி அது யூதாஸ் இல்லை, வேற ஆரோ" என்றேன். நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூப்பர் கையை விரித்தார். "அப்ப பேதுரு வீட்டுப் பெடியனைத்தான் கேக்கவேணும். வாற ஒத்திகைக்குள்ள ஒரு வழி சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிய, வழக்கம்போல வரிசையாகப் போய்ப் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்தோம், முத்தமிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கள் ஆட்கள் சுரூபத்தில் நேரே வாய் வைப்பதில்லை. விரலால் பாதத்தைத் தொட்டு, அந்த விரலைத் தங்கள் உதட்டில் வைப்பார்கள். பிறந்ததிலிருந்து நானும் செய்வதுதான். அன்றைக்கு என் முறை வந்து, தொட்டு, விரலை உதட்டுக்குக் கொண்டுபோகிற வழியில் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பெண் முதுகில் இடித்தா.

சுவாமியிடம் மட்டும் போய்ச் சொன்னேன். "செய்" என்றார். ஒத்திகையில் செய்து காட்டவேண்டாம், தான் மூப்பரிடம் கதைக்கிறேன் என்றும் சொன்னார். பிறகு சைக்கிள் கடைக்குப் போனேன்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். சுரூபம் மாதிரி அசையாமல் நிண்டால் போதும்."

"எனக்கு அது ஒண்டுதான் வரும்" என்றார் அவர், சில்லிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

பெரிய வெள்ளி பின்னேரம் மூன்று மணி. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க நாடகத்தைப் பகலிலேயே போட்டார்கள். பின்னால் வானத்துக்குப் பதிலாக நிவாரணத்துக்கு வந்த நீலத் தறப்பாள். முன்வரிசை ஓரத்தில் அப்பா கதிரையில், பக்கத்தில் அம்மா. நான் உள்ளே வந்ததும் சின்னப் பிள்ளைகள் வழமைபோல ஊவென்று கத்தினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காவி அங்கிக்குள் என் முகம் சிரிக்கப் பார்த்தது. கஷ்டப்பட்டு அடக்கினேன்.

தோட்டத்துக் காட்சி வந்தது. இயேசு அசையாமல் நின்றார். ஊர் முழுவதும் முத்தம் என்ன ஆகப்போகிறது என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. "போதகரே, வாழ்க" என்றேன். குனிந்தேன். விரலால் அவருடைய பாதத்தைத் தொட்டேன். ஒரு மூச்சு அப்படியே இருந்தேன். பிறகு எழும்பி, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த விரலை என் உதட்டில் வைத்தேன்.

சிரிப்பு வரவில்லை. ஊவும் வரவில்லை. முன்வரிசையில் நாலைந்து பெண்களின் கை, பழக்கதோசத்தில், தங்கள் பாட்டில் உதட்டுக்குப் போயிருந்தது. அவர்கள் அதைக் கண்டு மெல்ல மடியில் இறக்கினார்கள். மூப்பரும் கையை இறக்கினார். யாரோ ஒருவர் விம்மினார். காட்டிக்கொடுத்தவன் செய்தது, போன கிழமை அவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று செய்ததுதான். சேவகர் வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. பேதுரு வீட்டு இரண்டாவது பெடியன்தான் சேவகன். அவன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

நாடகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மூன்று தலைமுறை செய்ததை நான் மாற்றிப்போட்டேன் என்று கோபமோ?

மறுநாள் காலை அம்மா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தா. அப்பா கூப்பிட்டார்.

"இஞ்ச வா. அந்தக் கையை ஒருக்காச் செய்து காட்டு."

காட்டினேன். அவர் செய்து பார்த்தார். விரல் அவசரப்பட்டு உதட்டுக்குப் போனது.

"அப்பிடியில்லை அப்பா. தொட்டிட்டுக் கொஞ்சம் நிக்கவேணும். அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகுதான் கையை எடுக்கவேணும்."

இன்னொரு தரம் செய்தார். மூன்றாம் தரம் அச்சொட்டாக வந்தது. அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் கரையை விட்டு வந்தபிறகு கண்டதில்லை.

"ஆ, பிடிபட்டிட்டுது. அடுத்த வருஷம் தொய்வு விட்டுதெண்டால் நான் இப்பிடித்தான் செய்யப் போறன்" என்றார்.

அவருக்காகத்தான் கேட்டு வாங்கினேன் என்று அந்த நிமிடம்வரை நான் நம்பியிருந்தேன்.

"இல்லை அப்பா. நான் தரமாட்டன்."

மெஷின் நின்றது. அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வருஷத்துக்கு எண்டுதானே மூப்பரிட்டச் சொன்னனீ?"

"ஓம். சொன்னனான்தான்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அம்மா ஏசிக்கொண்டே சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்தா. குடித்து முடித்து, மூச்சு வந்ததும், அந்த அங்கியை மடித்து வைக்கச் சொன்னார். நான் அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கப் போனேன்.

"அதுக்குள்ள ஏன்?" என்றார். "உன்ர பெட்டிக்குள்ள வை. நான் கெஞ்சிக் கேட்டாலும் எடுத்துத் தந்திடாதை."

என் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கொஞ்சம் ஒதுக்கி அதற்கு இடம் செய்தேன்.